நோன்பு பிடித்த பிள்ளை

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "திண்டீங்களா?" என்பதுதான். கணவர் கேட்பார், பிள்ளைகள் கேட்பார்கள், சில நேரம் அடுத்த வீட்டுக்காரியும் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்பாள். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஊசி போடுகிறவர்களுக்கு இரத்தத்தில் சீனி இறங்கினால் கோபம் வரும் என்பது உண்மைதான். ஆனால் சீனி சரியாக இருக்கும்போதும் எனக்குக் கோபம் வரும். அதை யாரும் நம்புவதில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்காருவதற்கு முன்னர் இடியப்பமும் பருப்புக் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இது என் சொந்தக் கோபம்.

பதினான்கு வயதில் எனக்கு இந்த வருத்தம் வந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, ஈர்க்கிலாய் மெலிந்து, ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தேன். மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது தொடையில் ஊசி குத்திய இடம் நொந்தது. இனி ஒவ்வொரு நாளும், உயிர் இருக்கும் வரைக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை வாப்பாவும் நானும் கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போய் வந்தோம். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும் அது. அந்த வீதியில் சோதனைச் சாவடிகள் வருவதற்கு முந்திய காலம்.

ஏன் போகிறோம் என்பது ஊருக்குத் தெரியாது. சீனி வருத்தம் வயதாளிகளுக்கு வருவது, கலியாணமாகாத குமருக்கு வந்தால் குடும்பத்திலேயே ஓடுகிறது என்பார்கள், எனக்குக் கீழே இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உம்மா வாப்பாவிடம் கணக்குச் சொல்லி அழுதார். அதனால் எனக்குக் கண் வருத்தம் என்று ஊருக்குச் சொன்னார்கள். அதற்குச் சாட்சியாக ஒரு மூக்குக்கண்ணாடியும் வாங்கித் தந்தார்கள். பவர் எதுவும் இல்லாத வெறும் கண்ணாடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதை என் மூக்கில் மாட்டி மறைத்தார்கள்.

மற்ற மாதங்களில் இது ஒரு மாதிரி ஓடியது. றமழான் வந்தால்தான் எனக்கு நரகம். ஊசி போட்டால் நேரத்துக்குத் தின்ன வேண்டும், தின்னாவிட்டால் ஊசி ஆளைத் தின்றுவிடும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டென்று குர்ஆன் ஓதப் போன காலத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கிளினிக் நாளில் நான் நோயாளி, அதற்கு மேல் பயணி. இரண்டு சலுகை இருந்தது. அல்லாஹ் தந்ததை ஊர் தரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் என்றால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தின்னலாம். மாதவிலக்கு வந்து தொழுகை இல்லாத நாட்களில் எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் தின்பார்கள். ஆண்களும் தெரியாத மாதிரி இருப்பார்கள். நான் மட்டும் முப்பது நாளும் கதவைச் சாத்தினேன். வெளியே உம்மா அயல் பெண்களிடம், "இவ ஒரு நோம்பும் விடமாட்டா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே நான் பாண் துண்டைச் சத்தம் வராமல் மென்றுகொண்டிருப்பேன்.

எனக்குப் பத்தொன்பது வயதான அந்த றமழானில் ஒரு கலியாணப் பேச்சும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை மருதமுனை. படித்தவர், கந்தோரில் வேலை. வாப்பா எனக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அப்போது கூரை மரம் ஏற்றியாகிவிட்டது. எங்கள் பக்கம் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெல் வியாபாரத்தில் உழைத்ததையெல்லாம் வாப்பா அந்தச் சுவர்களில் போட்டுக்கொண்டிருந்தார். பெருநாள் கழியத் தேதி குறிப்பதென்று பேச்சு.

கிளினிக் நாள் வந்தது. காலையில் ஊசி போட்டு, விடிய முன்னரே சாப்பிட்டேன். உம்மா ஒரேயொரு ரொட்டியை வாழையிலையில் சுற்றி என் பைக்குள் வைத்தார்.

"ரெண்டு வைங்க உம்மா" என்றேன்.

"பகலைக்கு வீட்ட வந்திருவாய்தானே. ரெண்டு வெச்சா பை புடைச்சிக் காட்டும்."

அவசரத்துக்கென்று டாக்டர் தந்த குளுக்கோஸ் மாவும் இருந்தது. சின்னப் பைக்கற். அதை என்னிடம் தரவில்லை. பெண்களுக்குள் ஒருத்தியின் பையை இன்னொருத்தி திறந்து பார்ப்பாள், கண்டால் கேட்பாள் என்று உம்மா சொன்னார். வாப்பா அதை வாங்கிச் சாறனுக்கு மேலே கட்டியிருந்த அகலமான பச்சைப் பெல்ட்டின் பைக்குள் வைத்து அமுக்குப் பொத்தானைப் போட்டார். "என்னட்ட இரிக்கட்டும் மகள், நான் உன் பக்கத்திலதானே இரிக்கன்" என்றார்.

கிளினிக்கில் எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. பத்து மணிக்குக் குழாயடிக்குப் பின்னால் நின்று ரொட்டியைத் தின்றேன். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. வாப்பா பகல் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். போனவர், அங்கே கண்ட ஒரு நெல் வியாபாரியுடன் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பஸ் நிலையத்துப் பெண்கள் வாங்கில் இருந்தேன். ஒரு மணி பஸ் என் கண் முன்னால் போனது. எதிரே சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன் குழம்பும் மணத்தன. முக்காடு போட்ட பிள்ளை றமழானில் அந்தப் படியில் ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாப்பா வந்தபோது, "பசிக்கிது வாப்பா" என்றேன். "இந்தா அடுத்த பஸ் வரப் போகுது. வீட்ட போய்த் தின்னலாம்" என்றார். அடுத்த பஸ் இரண்டரைக்குத்தான் வந்தது.

கச்சான் காற்று நெருப்பாய் வீசிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம், வாப்பா பக்கத்தில். காத்தான்குடியில் பஸ் நின்றபோது ஒரு பெண் ஏறினார். கறுப்புப் பட்டுக் கரை வைத்த சேலை, கையில் துணிப் பொட்டலம். அவரைக் கண்டதும் வாப்பா துள்ளி எழும்பினார். அவர் மாப்பிள்ளையின் சாச்சி, தாயின் தங்கை, காத்தான்குடியில் வாழ்க்கைப்பட்டவர். மருதமுனைக்கு, தன் ராத்தா வீட்டுக்கு, அதாவது எனக்கு மாமியாராக வரப் போகிறவரின் வீட்டுக்குப் போகிறார்.

"இரிங்க ராத்தா, இரிங்க. புள்ளக்கிட்ட இரிங்க" என்று வாப்பா தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் மூன்றாவது வரிசைக்குப் போனார். பச்சைப் பெல்ட்டும் அவரோடு போனது.

சாச்சி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பெண் பார்க்கும் வேலையை அந்த ஆசனத்திலேயே தொடங்கிவிட்டார்.

"நோம்பா மகள்?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கச்சானுக்குள்ள பயணமும் வந்து நோம்பும் பிடிச்சிரிக்கிற புள்ள! நானெண்டா விட்டுப்போட்டுப் பிறகு களாச் செஞ்சிருப்பன்."

அந்த ஒரு "ஓம்" என் வாயால் வந்ததுதான். மறுக்கவில்லை. ஐந்து வருடம் பழக்கின வாய் அது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்களே, அது எனக்கு அன்று அப்படியே பலித்தது.

ஆரையம்பதி தாண்டியதும் உதட்டைச் சுற்றி விறைக்கத் தொடங்கியது. அதுதான் முதல் அடையாளம். பிறகு வியர்வை. கச்சானுக்கு எல்லோருக்கும் வியர்த்தது. ஆனால் என்னுடைய வியர்வை குளிர்ந்து கிடந்தது. கை நடுங்கியது. சாச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, என்ட கிளி! நடுங்கிது பாருங்க. பொறுத்துக்க மகள். இன்னும் மூணு மூணரை மணித்தியாலம். நீ படுற ஒவ்வொரு கஷ்டத்துக்கும் அல்லா கூலி எழுதுறான்." சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். ஸலவாத்து ஓதி நெற்றியில் ஊதினார். அந்த மனுஷி கெட்டவர் இல்லை. அவ்வளவு அன்பாக யாரும் என்னைச் சாகச் சொன்னதில்லை.

செட்டிபாளையத்தில் ஒரு தமிழ்ப் பெண் கதலிப்பழச் சீப்புகளை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஏறி எங்களுக்கு முன் ஆசனத்தில் இருந்தார். இருந்ததும் ஒரு பழத்தை உரித்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது திரும்பி என்னைக் கண்டார். என் முக்காட்டைக் கண்டார். நான் பழத்தைப் பார்த்த பார்வையையும் கண்டிருப்பார்.

"அடக் கடவுளே, நோம்புப் புள்ளக்கி முன்னால திங்கப் பாத்தன். குறை நினையாதீங்க தங்கச்சி" என்று சொல்லி, உரித்த பழத்தை அப்படியே தோலோடு மூடிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேலே துணியையும் இழுத்துவிட்டார்.

"இந்தச் சனங்களுக்கு எவ்வளவு மரியாத!" என்றார் சாச்சி.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பஸ் முழுக்க நல்லவர்கள். ஒருத்தர் ஓதி ஊதுகிறார், ஒருத்தர் தன் பசியை அடக்கிக்கொண்டு பழத்தை ஒளிக்கிறார். ஒரு கெட்ட மனுஷன் இருந்து, எனக்கு முன்னால் வெட்கமில்லாமல் டொபி தின்றிருந்தால் பறித்தாவது தின்றிருப்பேன்.

களுவாஞ்சிகுடியில் திரும்பி வாப்பாவைப் பார்த்தேன். வாப்பாவுக்குத் தெரியும். என் முகம் வெளிறினால் என்ன அர்த்தம், கண் நிலைகுத்தினால் என்ன அர்த்தம் என்று உம்மாவைவிட அவருக்குத்தான் தெரியும். வீட்டில் மூன்று தடவை இப்படி வந்தபோது சீனித் தண்ணீரைக் கரண்டியால் என் வாயில் ஊற்றியவர் அவர்தான். என்னைக் கண்டதும் அவருடைய கை பெல்ட்டுக்குப் போனது. பொத்தானில் விரல் பட்டது. பிறகு சாச்சியின் முதுகைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

அதை நான் கண்டேன். அதற்குப் பிறகு கண்ட பலது எனக்கு மங்கல். இது மட்டும் மங்கவில்லை.

ஓந்தாச்சிமடம் கழித்து வாப்பா எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னருகே வந்து நின்றார். தரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சாச்சிக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"என்ன மகள், தல சுத்துதா? நோம்புதானே. கொஞ்சம் பொறு. கிட்டடிதான்."

என் கண்ணுக்கு நேரே அந்தப் பெல்ட்டு. கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு பெல்ட்டு இரண்டு பெல்ட்டாகத் தெரியத் தொடங்கியது. "தாங்க வாப்பா" என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். நாக்கு புரளவில்லை, சத்தம் வந்ததா என்றும் தெரியாது. சாச்சி, "பாருங்க, வாப்பாவக் கண்டதும் புள்ளக்கி அழுக வருது" என்றார்.

கல்லாற்றுப் பாலத்தில் பஸ் ஏறி இறங்கியது ஞாபகம். பிறகு ஞாபகத்தில் ஓட்டை. அந்த ஓட்டைக்கு அடுத்த பக்கத்தில், என் வாய் நிறையக் கதலிப்பழம். தோலோடு கடித்திருக்கிறேன். முன் ஆசனத்தின் மேலால் பாதி உடம்பு குப்புற விழுந்து, இரண்டு கையும் அந்தப் பெட்டிக்குள். யாரோ, "நோம்பு! நோம்பு!" என்று கத்துகிறார்கள். யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்கள். பழக்காரப் பெண்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"விடுங்க! உயிர் போற மாதிரித் திங்கிது, தெரியல்லையா? விடுங்க, திங்கட்டும்!"

அவரே இரண்டாவது பழத்தை உரித்துத் தந்தார். மூன்றாவதையும் தந்தார். கொஞ்ச நேரத்தில் பெல்ட்டு ஒன்றானது. ஜன்னல் ஜன்னலானது. பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாச்சி என் காதருகே குனிந்தார். குரலில் கோபம் இல்லை.

"தொழுக இல்லையாகா? அதுக்கென்ன, பொம்புளக்கிப் பொம்புள முதல்லயே செல்லியிரிக்கலாமே."

கிணற்றில் விழுந்தவளுக்குக் கயிறு போட்ட மாதிரி அந்தக் கேள்வி. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். மாதவிலக்கு, பிள்ளை வெட்கத்தில் சொல்லவில்லை, எல்லோரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். கலியாணம் நடந்திருக்கும். பக்கத்தில் நின்ற வாப்பாவின் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த நிம்மதியைத்தான்.

"இல்ல" என்றேன். இந்தத் தடவை சத்தம் வந்தது. "எனக்குச் சீனி வருத்தம். அஞ்சு வருஷமா ஊசி போடுறன். கண்ணில ஒண்டுமில்ல, இது வெறும் கண்ணாடி." கழற்றி அவர் மடியில் போட்டேன். "நோம்பும் இல்ல. இப்ப சீனி குறைஞ்சு மௌத்தாகப் பாத்தன். குளுக்கோஸ் வாப்பாட பெல்ட்டுக்குள்ள இரிக்கி. கேட்டுப் பாருங்க."

அப்போதுதான் வாப்பா பொத்தானைத் திறந்தார். பைக்கற்றை எடுத்து நீட்டினார்.

"இனி என்னத்துக்கு?" என்றேன். வாங்கவில்லை.

மருதமுனையில் சாச்சி இறங்கினார். கண்ணாடியை ஆசனத்தில் வைத்துவிட்டு, வாப்பாவுக்கு மட்டும் ஸலாம் சொன்னார்.

நாலு நாள் கழித்துக் கலியாணம் பேசின தரகர் வந்தார். முன் அறையில் இருந்து வாப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "வருத்தம் அல்லா குடுக்கிறது, அதுக்கு அவங்க ஒண்டும் செல்லல்ல காக்கா. ஆனா றமழான்ல நோம்பெண்டு பொய் செல்லுற புள்ளய எடுக்க ஏலாதாம்." எவ்வளவு சுத்தமான காரணம் பாருங்கள். எனக்குப் பொய் சொல்லப் பழக்கினது ஊர். அந்தப் பொய்க்காக என்னைத் தள்ளினதும் ஊர். வருத்தக்காரியைத் தள்ளினோம் என்ற பழியும் அவர்களுக்கு இல்லை. அன்றைக்கு அந்த மனுஷனின் முகத்தில் நான் எதையும் எறியவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் கவலையாக இருக்கிறது. எனக்கென்று கூரை மரம் ஏற்றின வீடு எனக்கு அடுத்த தங்கச்சிக்குப் போனது.

உம்மா மூன்று நாள் அழுதார். "அவவே எடுத்துத் தந்தாவே, தொழுக இல்லையா எண்டு. ஒரு தல ஆட்டியிரிக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த றமழானில் நான் அடுப்படிக் கதவைச் சாத்தவில்லை. பஸ்ஸில் பகல் பன்னிரண்டு மணிக்கு ரொட்டியைப் பிரித்துத் தின்றேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். வாப்பா பக்கத்தில் இருந்து மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

கலியாணம் பேசினவர் வந்துபோன அன்று பின்னேரம், நோன்பு துறக்கக் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு வாப்பா இருந்தார். நான் எதிரே போய் இருந்தேன்.

"உங்கட கை பெல்ட்டுக்குப் போச்சு வாப்பா. நான் கண்டன்."

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஓம் மகள், போச்சு."

"ஏன் எடுக்கல்ல?"

கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "களுவாஞ்சிகுடியும் வந்திட்டு. மருதமுனைக்கு ஆறு மைல்கட்டதான் இருந்த. அவ இறங்கின உடன தரலாமெண்டு நெனச்சன்."

"ஆறு கட்டைக்குள்ள நான் போயிருந்தா?"

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் பேரீச்சம்பழத்தை எடுத்தார், வாயில் வைக்கவில்லை.

வாப்பா மௌத்தாகிக் கனகாலம். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஓம் என்பேன். என்னில் அவருக்கு உயிர், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பிற்காலத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டேன், கல்லாற்றிலிருந்து மருதமுனைக்குப் பஸ் போகிற அந்தப் பத்து நிமிஷத்தைப் பழம் தின்னாமல் நான் தாங்கியிருப்பேனா என்று. தாங்கியிருக்கவும் கூடும், தாங்காமல் போயிருக்கவும் கூடும், யாராலும் சொல்ல முடியாது என்றார். வாப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையைக் கீழே இறக்கினார்.